கம்பி வைத்த காலும் ஈசானி மூலையும்

வீடு கட்டப் போகிறவர்களுக்கும், இருக்கிற வீட்டை இடித்துத் திருத்தப் போகிறவர்களுக்கும் நான் சொல்லக்கூடிய முதல் யோசனை, விஷயத்தை வெளியே விடாதீர்கள் என்பதுதான். ஆனால் அது நடக்காது. வாசலில் ஒரு லோடு மணல் கொட்டிய உடனே தெருவுக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு பால் ஊற்ற வருகிறவர் இன்ஜினியர், கேபிள் பணம் வாங்க வருகிறவர் இன்ஜினியர், எதிர்வீட்டுக்காரர் சீஃப் இன்ஜினியர். எங்கள் பாகூர்ப் பக்கத்தில் வயலுக்கு எப்போது தண்ணீர் கட்டலாம் என்று கேட்டால் ஆட்கள் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள். கக்கூஸ் எந்த மூலையில் வரவேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவரும் யோசிக்க மாட்டார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். காலையில் குளித்து, விளக்கேற்றி, நெற்றியில் விபூதி பூசாமல் ஒரு வாய் காபி குடித்ததில்லை. வீட்டில் வேறு எது ஓட்டையாக இருந்தாலும் சாமி அறை மட்டும் ஓட்டையாக இருக்கக் கூடாது என்று தரைக்கு டைல்ஸ், படங்களுக்கு கிரானைட் மேடை எல்லாம் போட்டு வைத்திருந்தேன். மழையில் கூடம் ஒழுகும். சாமி நனையாது. கக்கூசோ தோட்டத்துக் கோடியில், மாட்டுக்கொட்டகையைத் தாண்டி இருந்தது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. போவதும் வருவதும் பழகிப்போன விஷயம்.

ஒரு மழைக்கால விடியலில் என் மனைவி அங்கே போகும்போது பாசியில் வழுக்கி விழுந்தாள். தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்து, பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, நான்கு கால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினாள். அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொன்னார்:

"கீழே உட்காரவே கூடாது. படி ஏறி இறங்கக் கூடாது. படுக்கற ரூமுக்குப் பக்கத்துலயே வெஸ்டர்ன் டாய்லெட் கட்டிடுங்க. இன்னொரு வாட்டி விழுந்தாங்கன்னா அப்புறம் நடக்க வைக்கிறது கஷ்டம்."

இதற்கு மேல் ஒரு பிளான் வேண்டுமா? அவள் கட்டிலுக்குப் பக்கத்தில், படி இல்லாமல், ஒரு பாத்ரூம். படிக்காதவனுக்கும் புரியும். ஆனால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கொஞ்சம் படிப்பு இருந்தது.

மதகடிப்பட்டில் இருக்கிற என் அக்காவுக்கு விஷயம் தெரிந்ததும், ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள். அவர் செல்போனில் திசைகாட்டியைப் போட்டு உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் மெல்லச் சுற்றினார். நாங்களும் அவர் பின்னாலேயே சுற்றினோம். என் மனைவி கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் படுக்கற ரூமுக்கு ஒட்டுனாப்ல சாமி ரூம்தான் இருக்குது," என்றாள். "சாமிய கூடத்துக்கு மாத்திட்டு அத பாத்ரூம் ஆக்கிட்டா இன்னா?"

அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். வாஸ்துக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஈசானி மூலைம்மா அது. ஈசுவரன் இருக்கிற எடம். அங்க கழிவறை வந்தா குடும்பத் தலைவனுக்கு ஆகாது."

"தலைவிக்கு?"

"தலைவிக்குன்னு தனியா ஒண்ணும் சொல்லல."

"அதான பாத்தேன்," என்றாள் அவள்.

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். குடும்பத் தலைவன் நான்தானே. பயம் இல்லை என்று சொன்னால் பொய். அவர் கை காட்டிய இடம் வாயு மூலை. அதாவது, வீட்டுக்கு வெளியே, பின்பக்கம், அடுப்படியையும் தாண்டி வடமேற்கில். பழைய கக்கூசை விடக் கிட்டத்தில்தான். நடுவில் மாட்டுக்கொட்டகை இல்லை. அந்த அளவுக்கு டாக்டர் பேச்சைக் கேட்டோம்.

இனி இரண்டாவது யோசனை. ஏரிப் பாசனத்துக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர்கள் கவனமாகக் கேளுங்கள். ஏரி நிரம்பிவிட்டால் எங்கள் தோட்டத்தில் முழங்கால் ஆழம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். அதனால் செப்டிக் டேங்கைத் தரைக்கு மேல் தூக்கித்தான் கட்ட முடியும். டேங்க் உயர்ந்தால் கக்கூசும் உயர வேண்டும், இல்லாவிட்டால் போனது திரும்பி வரும். வீடு ஏற்கனவே உயரமாகக் கட்டியது. ஆகவே வீட்டுக்குள் கட்டினால் படி தேவையே இல்லை. பள்ளத்தில் இருக்கிற தோட்டத்தில் கட்டினால் மேடை எழுப்பித்தான் ஆக வேண்டும். இது மேஸ்திரிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் மூலை முடிவாகிவிட்ட பிறகு தெரிந்ததையெல்லாம் யார் பேசுவது?

மேஸ்திரி மேடை எழுப்பினார். மேடைக்குப் படி வைத்தார். படி இரட்டைப்படையில் முடிந்தால் நஷ்டம் என்று வாஸ்துக்காரர் போனில் சொன்னதால், லாபத்துக்கு ஒரு படியைக் கூடச் சேர்த்தார். உள்ளே முகம் பார்க்கிற மாதிரி வழவழவென்று டைல்ஸ். ஈரக்காலோடு நிற்கிற இடத்துக்குக் கண்ணாடி மாதிரி டைல்ஸ் போட வேண்டும் என்று முதன்முதலில் யோசித்தவன் எலும்பு டாக்டருக்குச் சொந்தக்காரனாகத்தான் இருக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து, "ஜம்முனு இருக்குதுபா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வேலை முடிந்த அன்று என் மனைவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து காட்டினேன். ஸ்டாண்டை ஊன்றிக்கொண்டு படிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னாங்க இது?"

"பாத்ரூம்."

"நான் கோயிலுன்னுல்ல நெனச்சேன். மேல ஏறுனா மணி அடிக்கணுமா?"

மேஸ்திரி முன்னால் வந்தார். "யம்மா, ரெண்டு பக்கமும் கைப்புடி வச்சித் தர்றேன். கையால புடிச்சிக்கினே ஏறிடலாம்."

"கையால ஏற நான் இன்னா கொரங்கா மேஸ்திரி?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் வாயு மூலையைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது இதுதான். அவள் போக வேண்டும் என்றால் நான் ஒரு தோளையும் பக்கத்து வீட்டு அம்மா ஒரு தோளையும் பிடித்து, வீட்டுப் படியில் இறக்கி, மேடைப் படியில் ஏற்றி, கதவுக்கு வெளியே காத்திருந்து, மறுபடி இறக்கி ஏற்றுவோம். அந்த அம்மா நல்ல மனுஷி. ஆனால் அவருக்கும் வீடு, அடுப்பு, மாடு எல்லாம் இருக்கிறது. நான் வயலுக்குப் போய்விட்டால் பொழுது சாய்ந்துதான் வருவேன்.

நடுவில் ஒருநாள் வெயில் தாங்காமல் மதியமே வீட்டுக்கு வந்தேன். அவள் கட்டில் பக்கத்தில் நான் காலையில் வைத்துவிட்டுப் போன சொம்புத் தண்ணீர் வைத்தது வைத்தபடி இருந்தது. அவள் உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது.

"தண்ணி குடிக்கலியா?"

"தாகம் இல்ல."

"இந்த வெயில்லயா?"

சொம்பைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "தண்ணி குடிச்சா போவணும். போவணும்னா யாரையாச்சும் கூப்புடணும். அதுக்கு குடிக்காமயே இருந்துடலாம். பழகிடுச்சி."

அன்று சாயந்திரமே அவளுக்குக் குளிர்க்காய்ச்சல். நீர் போகும்போது நெருப்பாக எரிகிறது என்றாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைத் திட்டவில்லை, என்னைத்தான் திட்டினார். "தண்ணியே குடுக்காம இன்னா பண்றீங்க வூட்ல?" என்று கேட்டார். வாயு மூலையில் கட்டியிருக்கிறோம் சார், எல்லாம் முறைப்படி இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காய்ச்சல் இறங்கி அவளை வீட்டுக்குக் கூட்டிவந்த மறுநாள், குளித்து விளக்கேற்றிவிட்டுச் சாமி அறையிலேயே நின்றேன். வழக்கமாகச் சொல்கிற சுலோகம் வாயில் வரவில்லை. மனதில் இருந்ததைத்தான் சொன்னேன். "சாமி, உன்ன லாரி கண்ணாடியில வச்சி கும்புடறாங்க, வேப்பமரத்தடியில செங்கல்லா நட்டு கும்புடறாங்க, நீ ஒருநாளும் தெச கேட்டதில்ல. எனக்கு ஆகாதுன்னு சொல்றாங்க. ஆகாம போனா போவுது. அவளுக்கு மொதல்ல ஆவட்டும்." இதற்கு மேல் எனக்கு வேண்டிக்கொள்ளத் தெரியாது. கற்பூரம் காட்டினேன். ஒவ்வொரு படமாகத் துடைத்து எடுத்துப் போய்க் கூடத்தில், சுவரில் ஒழுகாத பக்கமாகப் பார்த்து மாட்டினேன்.

மேஸ்திரி வந்தார். சுத்தியலை என் கையில் கொடுத்தார்.

"மொத அடி நீங்களே அடிச்சிடுங்கண்ணே. எனக்குப் புள்ளக்குட்டிங்க இருக்குது."

"எனக்கு மட்டும் குடும்பம் இல்லியா?"

"உங்க வூட்டு மூலைண்ணே. அடுத்தவன் வூட்டுப் பாவத்த நான் ஏன் தூக்கிக்கினு போவணும்?"

அடித்தேன். கிரானைட் உடைந்தது. வானம் இடிந்து விழவில்லை. அதற்குப் பிறகு மேஸ்திரி தைரியமாக வேலை பார்த்தார்.

இப்போது சொல்வது நிஜமான யோசனை, வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். யாருக்காகக் கட்டுகிறீர்களோ அவர்களை வைத்து அளவெடுங்கள். அவளை நாற்காலியில் உட்கார வைத்து, எந்த உயரத்தில் இருந்தால் வலியில்லாமல் எழ முடிகிறது என்று பார்த்து, அந்த உயரத்துக்கு டாய்லெட் கோப்பையை வைத்தோம். அவள் கை தானாக எங்கே போய்ப் பிடிக்கிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போட்டுக் கைப்பிடி வைத்தோம். தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ். வாசலில் நிலைப்படி கிடையாது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். உள்ளே விழுந்துவிட்டால் கதவைத் தள்ளி அவள் மேலேயே இடிக்கக் கூடாது அல்லவா? பைப்பை வடக்குச் சுவரை ஒட்டி வெளியே சரிவாகக் கொண்டுபோய்ப் மேடைக்காகக் கட்டிய டேங்கிலேயே சேர்த்தோம். வாயு மூலைக்கு அந்த மரியாதையாவது இருக்கட்டும். மேடை மேல் இருக்கிற கோயிலில் இப்போது உர மூட்டை அடுக்கியிருக்கிறேன். மழையில் நனைவதில்லை. லாபம் என்று சொன்னது பலித்துவிட்டது.

ஐப்பசி அடைமழையில் அக்கா வந்தாள். கூடத்துச் சுவரில் சாமி படங்களைப் பார்த்ததும் குடையைக்கூட மடக்கவில்லை.

"டேய், உனக்கு எதுனா ஒண்ணு ஆச்சின்னா இவ நெலம இன்னாடா?"

"ஆச்சின்னா அந்த வாஸ்துக்காரரக் கூட்டியாந்து காட்டுக்கா. ரெண்டு பேரும் சேந்து சொல்லிக்காட்டலாம்."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. அந்த மனுஷன் படிச்சிப் படிச்சிச் சொன்னாரு. ஈசானியத்துல கை வச்ச வூடு..."

அக்கா ஆரம்பித்தால் நிற்காது. யார் யார் வீட்டில் எந்தெந்த மூலையால் என்னென்ன கெட்டது என்று வில்லியனூர் வரைக்கும் போய்விட்டாள். வெளியே மழை கொட்டியது. நடுவிலேயே என் மனைவி கட்டிலை விட்டு எழுந்தாள். நான் எழப் போனேன், கையால் உட்காரச் சொன்னாள். ஸ்டாண்டை எடுத்து வைத்து எடுத்து வைத்து நடந்தாள்.

"எங்கடி போற, நான் பாட்டுக்குப் பேசிக்கினு இருக்கேன்?"

"ஈசானி மூலைக்கு அண்ணி. இதோ வந்துடறேன், நீங்க பேசிக்கினு இருங்க."

கதவைச் சாத்திக்கொண்டாள். தனியாக. யாரையும் கூப்பிடாமல். அக்கா அப்போதுதான் குடையை மடக்கினாள். நான் சுவரில் இருந்த படங்களைப் பார்த்து மனதுக்குள் கும்பிட்டேன். சத்தமாகக் கும்பிட்டால் அக்கா அதற்கும் ஏதாவது திசை சொல்வாள்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"ஏங்க! சோப்பு வைக்க ஒரு எடம் உட்டாரா அந்த மேஸ்திரி? கோணி குனிஞ்சி கீழ வைக்கவா இத்தினி நாளு இடிச்சிக்கினு இருந்தீங்க? இதெல்லாம் ஒரு கட்டடமா?"

நான் மேஸ்திரிக்குப் போன் போட்டேன்.