நீருக்கடியில் ஓர் ஊர்

இந்த ஊரில் பேருந்தில் ஒருவர் கண்கலங்கினால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அது மரியாதை என்று தெரிந்தாலும், வந்து ஆறு வருடமாகியும் எனக்குப் பழகவில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்து வடசேரி பேருந்து நிலையமாக இருந்தால் பக்கத்தில் மீன்சட்டியோடு நிற்கும் யாரோ ஒருத்தியாவது, "என்ன மக்கா, வீட்டுல யாருக்கும் சொகமில்லியா?" என்று கேட்டிருப்பாள். 2014 அக்டோபரில், டொராண்டோவின் ஸ்கார்பரோவில், வேலைக்குப் போகும் பேருந்தில் ஒரு நாவலைப் பாதியில் மூடி மடியில் கவிழ்த்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சீன வரலாற்றிலிருந்து கிளைத்த மிகைபுனைவு நாவல். நாட்டின் பெயரையும் ஆற்றின் பெயரையும் மாற்றியிருந்தார்கள். ஆனால் எது எந்த ஆண்டு நடந்தது என்று பார்த்துப் பார்த்து வாசிக்கிறவனுக்கு அடையாளம் தெரியாமல் போகாது. 1938 ஜூனில், முன்னேறி வந்த ஜப்பானியப் படையைத் தடுக்க, சீனத் தளபதிகளே மஞ்சள் நதியின் கரையை உடைத்துவிட்டார்கள். லட்சக்கணக்கானோர் செத்தார்கள், பெரும்பாலும் உழவர்கள். நாவலின் முதல் பாதி அந்த உழவர்களை அவ்வளவு நன்றாக எழுதியிருந்தது. தானியப் படகுகள், வரி வசூலிக்க வருபவனின் செருப்புச் சத்தம், பஞ்சத்தில் விற்கப்படும் கதவுகள். எழுதியவர் நிறையப் படித்தவர் என்று ஒவ்வொரு பக்கத்திலும் தெரிந்தது. ஆனால் கரை உடையும் இடத்தில் தளபதி இல்லை, ஆணை இல்லை. கோபம் கொண்ட ஒரு டிராகன் ஆற்றிலிருந்து எழுந்து கரையை உடைக்கிறது. மூழ்கிய ஊர் சாகவும் இல்லை. நீருக்கடியில் அடுப்பு எரிகிறது, கல்யாணம் நடக்கிறது. அங்கே யாருக்கும் தேதியும் கிழமையும் கிடையாது. அந்த இடத்தில்தான் மூடினேன்.

கண்கலங்கியதற்குக் காரணம் நாவல் மட்டுமல்ல. அதற்கு முந்தைய வாரம் ஊரிலிருந்து ஜெரால்டு கூப்பிட்டிருந்தான். தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்கள் கடற்கரை ஊர். அவன் அங்கே மாதாகோயில் பங்குப்பேரவையில் இருக்கிறான், என்னோடு படித்தவன். சுனாமியின் பத்தாம் ஆண்டுக்குக் கோயில் முற்றத்தில் கல் வைக்கிறார்கள், இறந்தவர்கள் பெயரோடு. "ஒனக்க மைனி சம்மதிக்க மாட்டேங்கா. நீ சொன்னா சூசையண்ணனுக்க பேரையும் வெட்டிரலாம்" என்றான்.

சூசை என் அண்ணன். உடல் கிடைக்கவில்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊரில் ஞாயிறு கடலுக்குப் போகக் கூடாது. அது பங்கின் கட்டுப்பாடு, மீறினால் கோயிலில் அபராதம். அதனால் அன்று எல்லா வள்ளங்களும் கரையில் இருந்தன, ஆட்களும் கரையில் இருந்தார்கள். ஆழக்கடலில் அந்த அலை ஒரு வள்ளத்தைத் தூக்கி இறக்கிவிட்டுப் போயிருக்கும், அவ்வளவுதான். திங்கட்கிழமையாக இருந்திருந்தால் அண்ணன் உயிரோடு இருந்திருப்பான். பூசை முடிந்து வந்து கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்ததை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள்.

அண்ணனின் மனைவி பிரிஜிட் மைனி அந்த இரண்டு பேரையும் நம்பவில்லை. அவள் சொல்வது வேறு. அண்ணன் அன்று யாருக்கும் தெரியாமல் கடலுக்குப் போனான். ஆகவே சாகவில்லை. எந்தத் தீவிலோ ஒதுங்கியிருக்கிறான்.

ஜெரால்டு பேசிய மறுநாள் மைனியைக் கூப்பிட்டேன்.

"மைனி, அண்ணன் ஒருநாளும் ஞாயித்துக்கிழம போனதில்லையே."

"அண்ணைக்குப் போனாவ. ஒனக்கென்ன தெரியும்? நீ மெட்ராஸ்ல இல்லியா இருந்த."

"பூசையில பாத்தவங்க இருக்காங்க."

"பாத்தவனுவ கண்ண மீன் கொத்தட்டு. ஞாயித்துக்கிழம போனது பாவம்தான், நான் இல்லேங்கல. அதுக்கு அவியளுக்காக நான் சாமியாருட்ட பாவசங்கீர்த்தனம்கூட செய்தாச்சி."

"அடுத்தவங்க பாவத்த நீங்க எப்படிச் சொல்ல முடியும்?"

"சாமியாரும் அதத்தான் கேட்டாரு. நீயும் சாமியாரா ஆயாச்சா? கல்லுல பேரு வெட்டினா பெறவு மனுசன் எந்த மொகத்தோட வீட்டுக்கு வருவாரு? அது செய்யாண்டாம் மக்கா."

இறந்தவனுக்கு ஒரு தேதியாவது வேண்டும் என்று நினைப்பவன் நான். அது இல்லாவிட்டால் நாளை கல்லைப் படிப்பவனுக்கு என் அண்ணன் வாழ்ந்ததும் தெரியாது, செத்ததும் தெரியாது. வெட்டச் சொல்வது என்றே முடிவு செய்திருந்தேன்.

பல்மருத்துவப் பொருட்கள் அடுக்கும் கிடங்கில் எனக்கு வேலை. அங்கே என்னோடு பெட்டி கட்டுபவள் லின், அந்தக் கரை உடைந்த ஹெனான் மாகாணத்துக்காரி. சாப்பாட்டு மேசையில் நாவலைப் பார்த்துவிட்டு, தானும் படித்ததாகச் சொல்லி, பிடித்திருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். சீனர்களைப் பற்றியது என்பதாலா என்றாள். பதறிப்போய், வரலாற்றை மாற்றிவிட்டார்கள் என்றேன். அவள் தாத்தாவின் தங்கை அந்த வெள்ளத்தில் போனவளாம்.

"எந்தத் தேதியில்?" என்று கேட்டுவிட்டேன்.

"நீ போலீஸா?" என்று சிரித்தாள். பிறகு சொன்னாள், "தேதியா? அவள் பெயரே எங்களுக்குத் தெரியாது. மூன்றாம் பெண் என்றுதான் சொல்வார்கள். இந்தக் கதையில், தண்ணீருக்கடியில் பயற்றுப் பலகாரம் விற்கும் ஒரு சிறுமி வருவாள். அதுதான் அவள் என்று வைத்துக்கொண்டேன்."

"எழுதியவருக்கு அவளைத் தெரியாதே."

"எனக்கும் தெரியாது."

"கரையை உடைத்தது மனிதர்கள். டிராகன் என்று எழுதியிருக்கிறார்கள்."

"ஆமாம். அந்தப் பக்கங்கள் வந்தால் எனக்கும் எரியும். அந்தச் சிறுமிக்காகத் திரும்பவும் எடுப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மீதி நாவலை அந்த வாரம் முடித்தேன். தளபதியைத் தப்பவிட்டது அநியாயம் என்பதில் இன்றும் எனக்கு மாற்றமில்லை. ஆனால் மைனியின் கதையில் தப்பிக்கிற தளபதி யாரும் இல்லை. ஒரு மனிதனுக்கு ஒரு பாவத்தை ஏற்றி, அதை வைத்து அவனைப் பத்து வருடமாகக் கடலில் மிதக்கவிட்டிருக்கிறாள். அதை உளிகொண்டு உடைக்க வேண்டியவன் நானாக இருக்க வேண்டுமா?

ஜெரால்டைக் கூப்பிட்டு, வேண்டாம் என்றேன்.

"நீயா சொல்லுக? கிறிஸ்மஸுக்கு எத்தன மணிக்கு மழ பெய்ததுன்னு கேக்குத ஆளு!" என்றான். பிறகு குரல் தாழ்ந்தது. "மக்கா, பெறவு எடம் இருக்காது, கேட்டியா. கல்ல வெட்டி முடிச்சா முடிச்சதுதான்."

"தெரியும்லே" என்றேன். சரியாகச் செய்தேனா என்று தெரியவில்லை. கல்லின் படத்தை அவன் அனுப்பினால் அதை எப்படிப் பார்க்கப்போகிறேன் என்றும் தெரியவில்லை.

நவம்பர் இரண்டு, இறந்தவர்கள் திருநாள். ஊரில் கல்லறைகளைக் கழுவி மெழுகுதிரி ஏற்றுவார்கள். மைனி அந்தப் பக்கமே போவதில்லை. இங்கே எங்கள் கோயில் வாசலில் ஒரு கூடையும் சிறு சீட்டுகளும் வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்து அண்ணனின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, தேதியையும் எழுதிப் போட்டேன். பிலிப்பைன்ஸ்காரச் சாமியார் அதை வாசித்தார், வாயில் நுழையாமல் தட்டுத்தடுமாறி. எல்லோரும் ஆங்கிலத்தில் அவன் ஆன்மாவுக்கு நித்திய இளைப்பாற்றி வேண்டினார்கள். நானும் சேர்ந்து சொன்னேன்.

பூசை முடிந்ததும் பின்வரிசையில் இருந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் என் தோளைத் தொட்டார். "தம்பி, அது தமிழ்ப் பேர் போல கிடந்தது. ஆருக்காகச் சீட்டுக் குடுத்தனீங்கள்?"

"என் அண்ணனுக்கு" என்றேன்.

"அப்ப அவர் எப்ப..." என்று இழுத்தார்.

தேதி எனக்கு நாக்கு நுனியில் இருந்தது.

"கடலுக்குப் போயிருக்கான் ஐயா" என்றேன்.