வளையம் கழற்றாத குறடு

தெருவே துரு மாமா என்று கூப்பிடும் என் தம்பி, இரும்பை நாக்கால் தொட்டே வயதைச் சொல்வான் என்று ஊரெல்லாம் பரப்பியது நான்தான். பாதி பொய். மோந்துதான் பார்ப்பான். முப்பது வருஷம் இரும்புப் பட்டறையில் இருந்தவன். எவர் குழி தோண்டித் துருக்கட்டி அகப்பட்டாலும் அவனிடம்தான் வரும். கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, கலப்பைக் கொழுவா கதவுக் கீலா என்று சொல்லிவிடுவான்.

என் மகள் வீட்டுப் பின்சுவரை ஒட்டித் தண்ணீர்த் தொட்டிக்குக் குழி வெட்டினார்கள். இரண்டு ஆள் ஆழத்தில் ஒரே இரும்பு. உடனே போன் செய்தாள்.

"மாமா, புதையல். வரும்போது இழைப்புளியும் கொண்டாங்க. மூணு நாளா சமையலறைக் கதவு மூட மாட்டேங்குது."

புதையல் என்றால் நான் விடுவேனா? ஒட்டிக்கொண்டேன்.

மேலே ஏற்றி வைத்திருந்ததை ஒவ்வொன்றாகத் தேய்த்தான். சம்மட்டி, உளி, நீளக் குறடு. எவனோ கொல்லன் கலவரத்துக்குப் பயந்து புதைத்துவிட்டு ஓடியிருக்கிறான் என்றான். சம்மட்டியைக் கூடத்துச் சுவரில் மாட்டப்போவதாக மகள் சொன்னாள்.

குறட்டைத் தேய்த்தவன் கை நின்றது. அதன் இரு காலையும் சேர்த்து இறுக்கும் வளையம் அப்படியே இருந்தது. பழுத்த இரும்பைப் பிடித்திருக்கும்போது மட்டுமே கொல்லன் அதை மாட்டுவான். வேலை முடிந்ததும் முதலில் கழற்றுவது அதைத்தான். குறட்டின் வாயில் பாதி வளைத்த கொக்கி.

குழிக்குள் இறங்கினான். அடியில், இரும்பை வைத்து அடிக்கும் பட்டடை, மக்கிய மரக்கட்டைமேல் நிமிர்ந்து நின்றது. சுற்றிலும் உலைச் சாம்பல்.

"இதை யாரும் புதைக்கல அக்கா," என்றான் மேலே வந்து. "வேலை நடக்கும்போதே பட்டறை தரையோட உள்ள போயிருக்கு."

இழைப்புளியை எடுத்துக்கொண்டு கதவிடம் போனான். இழைக்கவில்லை. மேலே ஒரு விரல் சந்து, கீழே மயிரிழைகூட இல்லை. எலுமிச்சம்பழம் ஒன்றைத் தரையில் வைத்தான். அது அவசரமில்லாமல் உருண்டு பின்சுவரில் முட்டியது.

"கதவு எப்பலேர்ந்து இப்படி?"

"குழி வெட்டுனதுலேர்ந்து."

"குழந்தை?"

"பின்னறைல தூங்குது மாமா."

"தூக்கிட்டு வா. செருப்பு தேடாத."

தெருவில் போய் நின்றோம். இழைப்புளி இன்னும் அவன் கையில். உள்ளே யாரும் இல்லை, காற்றும் இல்லை. மூன்று நாளாக மூடாத கதவு தானாக மூடிக்கொள்ளும் சத்தம் கேட்டது.