பழனிப் பக்கம்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது என் அப்பாவும் அம்மாவும் இரண்டு தட்பவெப்பங்களில் குடியிருந்தார்கள். அப்பா பூம்பாறைக்காரர். கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டியில் ஒரு பங்களாவைப் பார்த்துக்கொண்டு அதன் பின்கட்டு அறையில் தங்கியிருந்தார். அம்மா பழனிக்காரி. அடிவாரத்தில் ஒரு தையல் மிஷினும், வேறு யாரும் தொடக் கூடாத பெரிய கத்தரி ஒன்றும், நானுமாக இருந்தாள். ஏன் இப்படி என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: அம்மாவுக்குக் குளிர் ஒத்துக்காது, அப்பாவுக்கு வெயில் ஒத்துக்காது. நானும் அதை அப்படியே நம்பினேன். மலையேறும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, குளிரும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் ஓர் இடம் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே போவேன். பாதி வழியில் இருக்கும் சவரிக்காடு சரியாக இருக்கும் என்று தோன்றியது. அங்கே ஒரு வீடு பிடித்தால் விஷயம் முடிந்தது. பெரியவர்கள் யாருக்கும் இது தோன்றாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அந்த அரையாண்டு லீவுக்கு அப்பா வந்து என்னை மேலே கூட்டிப்போனார். பங்களாவின் சொந்தக்காரர்கள் சென்னையில் இருந்தார்கள். வருஷத்தில் பத்து நாள் வந்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் அத்தனை ஜன்னல்களும் சாத்தியே கிடக்கும். அப்பாவுக்குப் புழங்க ஒரு தட்டு, ஒரு டம்ளர். நான் போனால் அலமாரியின் மேல்தட்டிலிருந்து பேப்பரில் சுற்றிய இன்னொரு தட்டை எடுத்துக் கழுவுவார். மூன்றாவதாகவும் ஒன்று அங்கே சுற்றி வைத்திருந்தது. அதை அவர் பிரித்து நான் பார்த்ததில்லை.

பனி இறங்கிவிட்டால் கேட்டுக்கு அந்தப் பக்கம் உலகம் இருக்கிறதா என்றே தெரியாது. விளையாட ஆள் கிடையாது. பங்களாவைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு ஜன்னல் கண்ணாடியிலும் என்னையே பார்த்துக்கொள்வேன். அப்பா நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு அதிகம். தனிமை என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. அதனால் வயிறு வலிக்கிறது என்று சொன்னேன். அப்பா ஓம வாட்டர் கொடுத்தார். அதற்கும் கேட்கவில்லை என்றதும், கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, வில் செய்யலாமா என்றார்.

அவருக்கு வில் செய்யத் தெரியாது. போனில் ஒரு தாடிக்கார வெள்ளைக்காரர் செய்துகாட்டும் வீடியோ வைத்திருந்தார். அந்த ஆள் பேசுவது எங்கள் இரண்டு பேருக்கும் புரியாததால் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தோம். கீழ்மலையிலிருந்து காய்கறி வேனில் வந்த, நன்றாகக் காய்ந்த கொய்யாக் கம்பு ஒன்று ஷெட்டில் கிடந்தது. அதை இழைப்புளியால் சீவி, கண்ணாடிச் சில்லால் சுரண்டி, இரண்டு நாளில் வில் மாதிரி ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார். நான்கூட இது இவ்வளவுதானா என்று நினைத்தேன். கஷ்டம் அதற்கப்புறம்தான் இருந்தது. நடுப்பிடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரி வளைய வேண்டும். கம்பின் அடிப்பாகம் விறைப்பு, நுனிப்பாகம் இளக்கம். இரண்டும் ஒத்துப்போக மாட்டேன் என்றன.

அப்பா ஷெட் சுவரில் ஓர் ஆணி அடித்து வில்லின் நடுவை அதில் மாட்டினார். நாணில் ஒரு கயிற்றைக் கட்டி, சுவருக்கு முதுகு காட்டி நின்று, கீழ்நோக்கி இழுப்பார். வில்லின் இரண்டு பக்கமும் இறங்கி வரும். தூரத்தில் நின்று எந்தப் பக்கம் வளையவில்லை என்று சொல்வது என் வேலை. வளையாத பக்கத்தில்தான் சீவ வேண்டும். வளைகிற பக்கத்தைத் தொடவே கூடாது. அது ஒன்றுதான் அந்தத் தாடிக்காரரிடமிருந்து நாங்கள் கற்றுக்கொண்ட பாடம். நான் இடது என்றேன். அவர் என்னைப் பார்த்து நின்றதால் அவருடைய இடதில் சீவிவிட்டார். வில் இன்னும் கோணலாயிற்று.

"இந்த இடது வலது சோலியே நமக்கு வேணாம் தாயி" என்று சொல்லி, சாக்பீஸை எடுத்துச் சுவரில் ஒரு முனைக்கு நேரே 'பழனி' என்றும் மறுமுனைக்கு நேரே 'பூம்பாறை' என்றும் எழுதினார். ஏறக்குறைய அந்தந்தத் திசைதான். வரைபடம் வைத்துப் பார்த்தால் ஒத்துவராது, ஆனால் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு "பழனிப் பக்கம் வளையலப்பா" என்று நான் கத்துவேன். அவர் கயிற்றை விட்டுவிட்டு வந்து அந்தப் பக்கம் சுரண்டுவார். என் வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை.

அம்மா தினமும் சாயங்காலம் போன் செய்வாள். கேட்டோரம் இருந்த தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். வில்லைப் பற்றி அவளிடம் மூச்சுவிடக் கூடாது என்பது எங்கள் ஏற்பாடு. அம்பு கண்ணில் பட்டுவிடும் என்று அன்றைக்கே என் லீவை முடித்துவிடுவாள். ஆறாம் நாள், "என்ன செஞ்சீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டாள். பின்னால் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தைப்பூசத்துக்கு நடந்து வருகிறவர்களுக்குப் பச்சை வேட்டியும் தோள்பையும் தைக்கிற சமயம். அவளுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

"பேசிக்கிட்டிருந்தோம்" என்றேன்.

"ஒங்கப்பா பேசக்கூடச் செய்றாராக்கும்? என்ன பேசுனாரு?"

அவள் அப்படிச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. அப்பா பேசியதை எல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று வீம்பு வந்தது. ரகசியத்தையும் காப்பாற்ற வேண்டும். ஆகவே வில் என்கிற ஒரே ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டு மீதியைச் சொன்னேன்.

"பழனிப் பக்கம்தாம்மா வளையவே மாட்டேங்குதாம். பூம்பாறைப் பக்கமே வளைஞ்சுக்கிட்டு இருக்காம். ஒரு பக்கமே வளைஞ்சா ஒரு நாளைக்குப் படக்குன்னு ஒடிஞ்சிரும்னாரு."

மிஷின் நின்றது. "அப்பாவா சொன்னாரு?"

"ஆமா. பழனிப் பக்கம் கொஞ்சம் எறங்கி வந்தாப் போதுமாம். அப்புறம் ரெண்டும் ஒண்ணுபோல ஆயிருமாம்."

சிக்னல் போய்விட்டது என்று நினைத்து, ஹலோ ஹலோ என்று கத்தினேன். இருக்கிறேன் என்றாள். பிறகு, "அப்பா சாப்டாரா?" என்று கேட்டாள். எப்போதும் நான் சாப்பிட்டேனா என்றுதான் கேட்பாள். பொய் சொல்லாமலும் ரகசியத்தை விடாமலும் பேசி முடித்த பெருமையில், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு அம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். இறங்கி வர வேண்டியவள் மலையேறி வந்திருந்தாள். தலையில் மல்லிகைப்பூ. தொலைந்துவிட்டது என்று பலமுறை சொன்ன நீல ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள். கையில் ஊருக்குப் போகும்போது எடுக்கிற பெரிய ஜிப் பை. அப்பா கண்ணாடிச் சில்லும் கையுமாக ஷெட்டிலிருந்து வெளியே வந்தார்.

"வெள்ளனேவே கெளம்பிட்டியாக்கும்?" என்றார். ஏன் வந்தாய் என்று அவருக்குக் கேட்கத் தெரியவில்லை.

"முதல் பஸ்ஸு."

"குளிருமே."

"அப்படி ஒண்ணும் தெரியலைங்க" என்றாள் அம்மா. அவள் வாயிலிருந்து இது வந்ததில் நான் அசந்துபோனேன். பையைக் கீழே வைத்துவிட்டு, தரையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னாள்: "நீங்க சொன்னதப் பாப்பா சொன்னுச்சு."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நான் வில்லுன்னு சொல்லவே இல்லப்பா! அந்த வார்த்தையையே எடுக்கல!" என்று கத்தினேன்.

"எந்த வில்லு?" என்றாள் அம்மா.

இனி மறைத்துப் பயனில்லை என்று அவள் கையைப் பிடித்து ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். வில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா 'பழனி' என்பதைப் படித்தாள். 'பூம்பாறை' என்பதைப் படித்தாள். மறுபடி 'பழனி'யைப் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். திட்டு விழவில்லை என்ற சந்தோஷத்தில் நானும் சிரித்தேன். எதற்கென்று தெரியாமல் அப்பாவும் கொஞ்சம் சிரித்தார். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. எனக்கு அப்படி ஒரு நிறைவு. அம்மாவின் சிரிப்பு இருமலாக மாறி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "குளிரு" என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

"பிள்ளைக்கு. விளையாட ஆளில்லைன்னு..." என்று இழுத்தார் அப்பா.

"இழுங்க, பாப்போம்."

அப்பா கயிற்றை இழுத்தார். இரண்டு தோளும் சமமாக இருக்கிறதா என்று சட்டையைப் பார்க்கிற மாதிரி, அம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "பழனிப் பக்கந்தான். முனையில ஒரு சாண் அளவுக்கு இன்னும் எடுக்கணும்" என்றாள். அப்பா அங்கே சுரண்டினார். திரும்ப மாட்டி இழுத்தார். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இறங்கி வந்தன. இத்தனை நாளாக எங்களுக்குப் பிடிபடாதது அம்மாவுக்கு ஒரே பார்வையில் பிடிபட்டுவிட்டது.

மத்தியானம் அப்பா மூன்றாவது தட்டைப் பிரித்துக் கழுவினார். சாப்பிடும்போது அம்மா, "நாளன்னைக்கு ஸ்கூல் தெறக்குது. பிள்ளையக் கூட்டிட்டுப் போலாம்னுதான் வந்தேன்" என்றாள். அப்பா சரி என்றார். அம்மா இன்னும் கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா எனக்குக் குழம்பு ஊற்றினார்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் பையை அப்பாதான் தூக்கி வந்தார். நடுவில் ஒரு தடவை கை மாற்றினார். "கனமாக் கெடக்கே" என்றார். "துணிதான்" என்றாள் அம்மா. வில் என் தோளில் இருந்தது. பஸ் நகர்ந்ததும் திரும்பிப் பார்த்தேன். அப்பா கையை ஆட்டவில்லை. பை இன்னும் கையில் இருக்கிற மாதிரி, ஒரு தோள் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

சவரிக்காடு நெருங்கும்போது எனக்குப் பசித்தது. முறுக்கு இருக்கும் என்று பையின் ஜிப்பைத் திறந்து கையை விட்டேன். மேலே சேலைகள், நாலோ ஐந்தோ. அவற்றுக்குக் கீழே கம்பளி. அதற்கும் கீழே, துண்டில் சுற்றி, சில்லென்று இரும்பு. கல்யாணத்துக்கு மூன்று நாள் போனால்கூட மிஷின் டிராயரை விட்டு வெளியே வராத கத்தரி.

"கத்தரி எதுக்கும்மா?"

"வழியில நூலு கீலு அறுக்கணும்னா வேணாமா?" என்று சொல்லி ஜிப்பை மூடினாள்.

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. என்னைக் கூட்டிப்போக மட்டும் வந்தவள் தன் பிழைப்பையே பையில் போட்டு எடுத்துவருவாளா என்று கேட்க எனக்குத் தெரியவில்லை. வில்லை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே ஓட்டு வீடு ஒன்றைக் காட்டினேன். இங்கே குளிரும் இல்லை, வெயிலும் இல்லை. நாம் மூன்று பேரும் இங்கே இருந்துகொள்ளலாம் என்றேன். அம்மா ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துக்கொண்டே அந்த வீட்டைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.