மாலை காட்டிய காற்று

பெட்ரோல் விலை எகிறிய வருடம், என் டாக்சியில் பழைய ஜெனரேட்டர் ஒன்றின் டீசல் எஞ்சினை, தெரிந்த மெக்கானிக் ஒருவரோடு சேர்ந்து மாற்றிப் பொருத்தினேன். பூஜை போட்டு, வண்டியின் முன்பக்கத்தில் மாலையும் சாத்தினேன். அன்றே மனைவிக்குப் பிரசவ வலி. கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மூன்று முறை ரேடியேட்டர் கொதித்தது. தண்ணீர் ஊற்றினேன், பெல்ட்டைப் பார்த்தேன், மெக்கானிக்கைத் திட்டினேன்.

உட்கார முடியாமல் இறங்கி நின்ற அவள், எஞ்சின் ஓடியபடி நின்ற வண்டியின் முன்பக்கத்தைக் காட்டினாள்.

"இன்னாய்யா இது? காத்தே இல்ல, மாலை மட்டும் வெளியே பறந்துக்கினு கீது!"

அப்போதுதான் உறைத்தது. ரேடியேட்டரைக் குளிர்விக்கக் காற்றை உள்ளே இழுக்க வேண்டிய விசிறி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. காற்றை வெளியே ஊதும்படி அமைந்த ஜெனரேட்டரின் விசிறியையும் சேர்த்தே மாட்டியிருந்தோம்.

லாரி ஒன்றை நிறுத்தி ஏறினோம். ஆஸ்பத்திரி சேர்ந்த ஐந்தாவது நிமிடம் மகள் பிறந்தாள்.

இப்போதெல்லாம் எஞ்சின் மாற்றினால், மாலையைத் தொங்கவிட்டு அது உள்பக்கம் இழுபட்டு ஒட்டுகிறதா என்று முதலில் பார்க்கிறேன். சாமி கும்பிடுவது அதற்கப்புறம்தான்.