பெண்கள் பக்கத்து வீடியோ

எனக்குப் பொறுமை கிடையாது. தண்ணீர் கொதிக்கும் வரை நிற்க மாட்டாமல் அரைச் சூட்டிலேயே தேயிலையைப் போட்டுவிடுகிறவள் நான். அப்படிப்பட்ட ஒருத்தியை முந்நூற்றுச் சொச்சம் வீடியோ ஃபைல்களுக்கு முன்னால் இரண்டு நாள் உட்கார வைத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது.

திருகோணமலையில், துறைமுகத்தை நோக்கி இறங்கும் தெருவொன்றில் எனக்கும் அண்ணனுக்கும் ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. இரண்டு கமெரா, ஒரு கணினி, நினைத்தால் மட்டும் வேலை செய்யும் ஒரு ஏசி. கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களுக்கு எங்களைக் கூப்பிடுவதற்கு அண்ணனின் திறமை காரணமல்ல. நான் பெண் என்பதுதான் காரணம். அந்தக் கல்யாணங்களில் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. ஆண்கள் பக்கத்தை அண்ணன் எடுப்பார். பெண்கள் பக்கத்தை நான் எடுப்பேன். அங்கே முக்காடுகள் இறங்கியிருக்கும். குரவை போடுவார்கள். மணப்பெண்ணின் கூட்டாளிகள் பாடுவார்கள், ஆடுவார்கள். அந்த வீடியோவைப் பிறகு பெண்கள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பார்கள்.

கிண்ணியாவில் ஒரு வீட்டில் நாலு பெண்பிள்ளைகள். நாலு கல்யாணத்தையும் நாங்கள்தான் எடுத்தோம். ஒவ்வொரு முறையும் வீடியோவைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது அந்த வீட்டுத் தாய் என்னைச் சமையல் நடக்கும் குசினிப் பக்கம் கூட்டிப்போய் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

“தங்கச்சி, பொம்பிளப் பக்கத்த நீங்க மட்டும்தானே பாத்துச் செஞ்சீங்க? உங்கட அண்ணன் பாக்கல்லதானே?”

“ஓம் ராத்தா. நான் மட்டும்தான்.”

ராத்தா என்றால் அங்கே அக்கா. நாலு முறையும் இதே பதிலைச் சொன்னேன். மூன்று முறை அது உண்மை. மூத்தவளின் கல்யாணம் முடிந்த கிழமை எனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். சொன்ன நாளுக்குக் கொடுக்க வேண்டும் என்று அண்ணன் பெண்கள் பக்கத்தையும் தானே இருந்து வெட்டி ஒட்டி முடித்துவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அதைப் பற்றி நானும் அவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடைய புளுகு ஒன்பது வருடம் ஓடியது.

இந்த வருடம் அந்த வீட்டில் புது டீவி வாங்கினார்கள். அதன் அகலத்தைப் பற்றித் தாய் தொலைபேசியில் ஐந்து நிமிடம் சொன்னார். ஆனால் அந்த டீவிக்கு வாய் சின்னது. எம்பி ஃபோர் ஃபைல்களைத் தவிர எதையும் விழுங்காது. எங்கள் நாலு கல்யாணமோ நாலு விதம். மூத்தவளுடையது டிவிடியில் இருந்தது. இரண்டாமவளுடையது பழைய ஹேண்டிகேமில் எடுத்தது. அடுத்த இருவருக்கும் வேறு வேறு கமெரா. ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஃபோர்மெட். எல்லாவற்றையும் எம்பி ஃபோராக மாற்றித் தரவேண்டும் என்றார்.

“வெள்ளிக்கிழம இளையவட மாப்பிள்ள வீட்டாக்கள் விருந்துக்கு வாறாங்க. ஜும்ஆத் தொழுக முடிஞ்சு வந்ததும் ஆம்பிளப் பக்கத்த ஹோல்ல போடோணும். மகன் வந்து வாங்கிட்டுப் போவார். பொம்பிளப் பக்கத்த நீங்க ஞாயித்துக்கிழம கையில கொண்டு வாங்க.”

பெண்கள் பக்கம் எப்போதும் ஒரு பெண்ணின் கையிலிருந்து இன்னொரு பெண்ணின் கைக்குத்தான் போகும். அந்த வழக்கத்தை நானும் மீறியதில்லை.

ஒவ்வொன்றாக மாற்றினால் கிழவியாகிவிடுவேன். மொத்தமாக மாற்றும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. ஃபைல்களை வரிசையாகப் போட்டு, எந்த ஃபோர்மெட் வேண்டும், மாற்றியதை எந்த ஃபோல்டரில் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் அது தன்பாட்டுக்கு மாற்றிக்கொண்டே போகும். நாலு பிள்ளைகள், இரண்டு பக்கங்கள், ஆக எட்டு ஃபோல்டர். ஒரு ஃபோல்டர் முடிந்ததும் அடுத்ததைப் போட வேண்டும். புதன்கிழமை தொடங்கினேன். திரையில் பச்சைக் கோடு நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. நாற்பத்தொரு சதவீதத்தில் ஒன்று நின்றுபோனது. திரும்பப் போட்டேன். “இதே பெயரில் ஃபைல் உள்ளது, அதற்கு மேல் எழுதவா?” என்று கேட்டது. “எல்லாவற்றுக்கும் ஆம்” என்று அமத்தினேன். பிறகும் பிறகும் கேட்டது. கேள்வியை வாசிப்பதையே விட்டுவிட்டேன். கேட்டால் அமத்துவேன், அவ்வளவுதான். எழும்பிப் போய் வாசலில் நிற்பேன், திரும்பி வந்து கோட்டைப் பார்ப்பேன். அண்ணன் ஈச்சிலம்பற்றில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கடையில் என்னைத் திட்டவும் ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை எல்லாம் முடிந்தது. ஆண்கள் பக்கத்து நாலு ஃபோல்டரையும் ஒரு கறுப்புப் பென் டிரைவில் ஏற்றினேன். ஒவ்வொரு ஃபோல்டரிலும் முதல் ஃபைலையும் கடைசி ஃபைலையும் திறந்து பார்த்தேன். தலையும் வாலும் சரி. பத்து மணிக்கு அந்த வீட்டு மகன் மோட்டர்சைக்கிளில் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

கடை வேலைகள் முடிந்து, பன்னிரண்டு மணிக்கு மேல்தான் பெண்கள் பக்கத்துக்கு வெள்ளைப் பென் டிரைவை எடுத்தேன். மூத்தவள் இருந்தாள், இரண்டாமவள் இருந்தாள், மூன்றாமவளும் இருந்தாள். இளையவளின் ஃபோல்டரைத் திறந்தேன். வெறுமையாகக் கிடந்தது.

எங்கே போயிருக்கும் என்று தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை. கடைசி ஃபோல்டரைப் போடும்போது, மாற்றியதை எங்கே வைப்பது என்பதை நான் மாற்றவில்லை. இளையவளின் பெண்கள் பக்கம் முழுவதும் அவளுடைய ஆண்கள் பக்கத்து ஃபோல்டருக்குள் போய் விழுந்திருந்தது. இரண்டு கமெராவும் ஃபைல்களுக்கு ஒரே மாதிரி எண் போடுகிறவை. பெண்கள் பக்கத்தைப் பாதி பாவித்த கார்டில் எடுத்ததால் அதன் எண்கள் பதினாலில் தொடங்கி ஐம்பத்திரண்டில் முடிந்தன. ஆண்கள் பக்கத்தில் ஒன்று முதல் எழுபது வரை. ஒரே எண் வந்த இடமெல்லாம் ஆண்கள் பக்கம் அழிந்து பெண்கள் பக்கம் ஏறியிருந்தது. ஆகவே பதின்மூன்று வரை ஆண்கள். பதினாலாவது ஃபைலில் மணப்பெண் தலைமுடியை விரித்துப் போட்டு இருக்கிறாள், கூட்டாளிமார் சுற்றி நின்று கைதட்டி ஆடுகிறார்கள். மென்பொருள் என்னிடம் கேட்டுத்தான் செய்திருந்தது. நான்தான் எல்லாவற்றுக்கும் ஆம் என்றவள்.

அந்த வீட்டுத் தாய்க்குத் தொலைபேசி எடுத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. விருந்துச் சமையல் நேரத்தில் தொலைபேசியை யார் பார்ப்பார்கள்? மகனுக்கு எடுக்க விரல் போனது, நிறுத்தினேன். என்ன சொல்வது? அதில் உங்கள் தங்கச்சியின் பெண்கள் பக்கம் இருக்கிறது, திறக்காதீர்கள் என்றா? அதைச் சொல்வதே பாதி திறந்து காட்டியதுபோல. கடைசியில் தாங்க மாட்டாமல் எடுத்தேன். தொலைபேசியை நிறுத்தி வைத்திருந்தார். ஜும்ஆவுக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருப்பார்.

கடையைப் பூட்டினேனா என்பது இன்றுவரை நினைவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது. ஹெல்மெட் பட்டியைக் கொழுவ எனக்கு மூன்று தரம் வேண்டியிருந்தது. சீனன்குடாவில் ஒரு லொறி வழி விடவில்லை. வெள்ளைமணலில் மாடுகள் தெருவில் படுத்திருந்தன. அந்த மாடுகளை நான் ஏசிய ஏச்சுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். கிண்ணியாப் பாலத்தில் காற்று ஸ்கூட்டியை ஓரத்துக்குத் தள்ளியது. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பது இதுதான் போல. பதினாலு, பதினாலு என்றே வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

வீட்டு வாசல் நிறையச் செருப்புகள். ஆண்கள் கூடியிருந்த ஹோலுக்குள்ளிருந்து டீவிச் சத்தம் கேட்டது. மௌலவி பேசிய நிக்காஹ் உரை. மூத்தவளின் கல்யாணத்தில் அல்ல, இளையவளின் கல்யாணத்தில் பேசியது. மாப்பிள்ளை வீட்டார் அல்லவா வந்திருக்கிறார்கள், தங்கள் பிள்ளையின் கல்யாணத்தைத்தான் முதலில் கேட்டிருப்பார்கள். அந்த உரை எந்த ஃபைல் என்று எனக்குத் தெரியும். பதினோராவது.

பின்பக்கத்தால் குசினிக்குள் ஓடினேன். தாய், பலர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டில் சோற்றுக்கு மேல் இறைச்சியை வைத்துக்கொண்டிருந்தார்.

“ராத்தா, டீவிய நிப்பாட்டுங்க. நான் பிழை விட்டுட்டன். இளையவட பொம்பிளப் பக்கம் அதுக்குள்ள கலந்துபோச்சு. இன்னும் கொஞ்சத்தில வந்திரும்.”

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். ஹோலுக்குள் போய் டீவியை நிறுத்தினால் ஏன் என்று பத்துப் பேர் கேட்பார்கள். கரண்டியை வைத்துவிட்டு, கையைத் துடைத்தபடி நடைக்குப் போய், எட்டி மெயின் சுவிச்சைக் கீழே இழுத்தார். வீடு முழுதும் காற்றாடிகள் ஓய்ந்தன. ஹோலில் ஆண்கள் ஒரே குரலில் “ச்சா” என்றார்கள்.

“மகன், கரண்ட் போயிட்டு,” என்று கதவு மறைவில் நின்று சொன்னார். “டீவில கிடக்கிற பென்னக் கழட்டி இஞ்ச தாங்க. கரண்ட் வந்து வந்து போனா அது பழுதாயிரும்.”

பென் டிரைவ் அவர் கைக்கு வந்தது. அவர் அதை முந்தானையில் முடிந்துகொண்டதைப் பார்த்த பிறகுதான் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றினேன். குசினிக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“ஒராளும் பாக்கல்ல. அல்லாஹ் காப்பாத்தினான்,” என்றார். என் தோளில் கை வைத்தார். “ஓடி வந்து உண்மையச் சொன்னீங்க. வேற ஆக்களெண்டா பேசாம இருந்திருப்பாங்க. உங்கள நம்பினது வீண்போகல்ல தங்கச்சி.”

அந்த வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

“ராத்தா, மூத்தவட பொம்பிளப் பக்கத்த நான் செய்யல்ல. அண்ணன்தான் செஞ்சவர். நான் காய்ச்சலில கிடந்தனான். உங்களிட்டப் பொய் சொன்னனான்.”

தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். ஹோலிலிருந்து யாரோ கரண்ட் எப்போது வரும் என்று கேட்டார்கள். தாய் சஹனை எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார்.

“ஞாயித்துக்கிழம மூத்தவளும் வருவா,” என்றார் கடைசியில். “அவட்ட நீங்களே சொல்லுங்க. என்னால ஏலாது.”

பிறகு சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஒரு கோப்பையில் சோறு போட்டுத் தந்தார். அந்தச் சோற்றின் ருசி எனக்குத் தெரியவில்லை. நான் தின்று முடித்த பிறகுதான் மெயின் சுவிச்சை மேலே தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை இளையவளின் ஃபோல்டர்களைத் திரும்பச் சரியாக மாற்றி, அந்த வீட்டுப் பெண்கள் பக்கத்து மூலப் பிரதிகள் இருந்த ஹார்ட் டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு போனேன். மூத்தவள் அறைக்குள் தனியே இருந்தாள். கல்யாணத்தன்று பத்தொன்பது வயதுப் பிள்ளை. இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். சொல்வதற்கு வழி நெடுக வசனங்கள் தயார் செய்திருந்தேன், காய்ச்சலைப் பற்றி, அவசரத்தைப் பற்றி. அவற்றையெல்லாம் விட்டுவிட்டேன். நடந்ததை மட்டும் சொன்னேன்.

அவள் ஹார்ட் டிஸ்க்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“முழுக்கப் பாத்தவரா?”

“ஓம். வெட்டி ஒட்டுறதெண்டா முழுக்கப் பாக்கத்தான் வேணும்.”

அழுவாள் என்று நினைத்தேன். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை.

“அக்கா, உங்கட அண்ணன நான் டவுன்ல எத்தினையோ தரம் கண்டிருக்கன். என்னக் கண்ட உடன தலையக் குனிஞ்சுகொண்டு மற்றப் பக்கத்தால போவார். பொம்பிளையள நிமிந்து பாக்காத மனிசன், எவ்வளவு மரியாத எண்டு என்ட மாப்பிள்ளைட்டயும் சொல்லியிருக்கன்.”

அண்ணன் குனிந்து போனது எனக்கு அதுவரை தெரியாது. ஒன்பது வருடம் அந்தப் பொய்யை நான் மட்டும் சுமந்ததாக அல்லவா நினைத்திருந்தேன்.

மூத்தவள் முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள். அறைக்குள் நானும் அவளும் மட்டும்தான் இருந்தோம்.

“இனிக் கண்டா நான்தான் தலையக் குனியோணும்,” என்றாள்.