விசில் கேட்டால் உட்காருகிறவன்

பஷீர் பாய் போன் செய்தால் முதலில் நலம் விசாரிப்பார். அன்று விசாரிக்கவில்லை.

"மேடம், உடனே கடைக்கு வர்றீங்களா? நம்ம தினேஷ் ஏசி அவுட்டோர் யூனிட்ட கீழ போட்டுட்டான். மெக்கானிக் மணியோட கால் மேல விழுந்திருச்சு."

நான் அப்போது நன்னடத்தை அலுவலர். குற்ற வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் சிறப்பு இல்லத்திலிருந்து வெளியே வரும் பையன்களுக்கு வேலை தேடித் தருவதும், அதில் நிலைக்கிறார்களா என்று பார்ப்பதும் என் பொறுப்பு. வேலை கிடைப்பது கஷ்டம். நிலைப்பது அதைவிடக் கஷ்டம்.

தினேஷ் பட்டினப்பாக்கத்துப் பையன். செல்போன் பறித்த கேசில் உள்ளே போனவன், பதினெட்டு முடிந்து வெளியே வந்தான். உள்ளே கற்ற ஏசி மெக்கானிக் வேலை அவனுக்கு நன்றாகவே வந்தது. இருந்தும் இரண்டு கடைகளில், எங்கிருந்து வந்தான் என்று தெரிந்ததுமே அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது இடம் பாயின் கடை. விஷயம் பாய்க்கு மட்டும்தான் தெரியும், மற்ற மெக்கானிக்குகளுக்குச் சொல்லவில்லை.

இதுவும் போனால் அவன் எங்கே போவான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பழைய கூட்டாளிகள் தினமும் பைக்கில் அவன் தெருவுக்கு வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். மீன் விற்கும் அவன் அம்மா என்னிடம், "அந்த ஆரன் சத்தம் கேட்டாலே கதவ சாத்திடறேன் மேடம்" என்று அழுதிருக்கிறார். ஆட்டோவில் போகும் வழியெல்லாம் அந்த ஹாரன் சத்தம்தான் என் நினைப்பில் இருந்தது.

கடையில்

தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. சீனியர் மெக்கானிக் மணி, காலில் கட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தினேஷ் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்ததும் மணி ஆரம்பித்துவிட்டார்.

"நீங்கதான் இவன சேத்துவுட்டவங்களா? கேளுங்க. அப்பார்ட்மென்ட் பார்க்கிங்ல ரெண்டு பேருமா தூக்கிக்கினு வரோம். தரைல தண்ணி கீதா, கல்லு கீதா, ஒண்ணும் கெடையாது. எவனோ கார் ரிவர்ஸ் எடுக்கறான்னு வாட்ச்மேன் விசில் ஊதுனான். இவன் பொட்டுனு யூனிட்ட உட்டுட்டுக் குந்திக்கினான். குந்திக்கினு 'நாப்பத்தி ஒண்ணு'ன்னு கத்தறான். இன்னா மேடம், பையனுக்கு வலிப்பு எதனா கீதா?"

எனக்குப் புரிந்துவிட்டது. இல்லத்தில் விசில் ஊதினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வரிசையில் குந்தி, அவரவர் நம்பரைச் சொல்ல வேண்டும். பார்வையிட வரும் பெரிய அதிகாரிகள் "என்ன டிசிப்ளின் பாருங்க!" என்று பூரித்துப்போவார்கள். தினேஷ் மழையானாலும் பஸ் ஏறாமல் நடந்தே வருவதாக பாய் ஒருமுறை சொல்லியிருந்தார். கண்டக்டரின் விசிலுக்குப் பயந்துதான் என்று அந்த நிமிஷம்தான் உறைத்தது.

வலிப்பு என்று தலையாட்டினால் வேலை போய்விடும். சுவருக்கு வெளியே தொங்கிக்கொண்டு செய்கிற வேலைக்கு வலிப்புக்காரனை யார் வைத்துக்கொள்வார்கள்? உண்மையைச் சொன்னாலோ பழைய கடைகளில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கும். "பாய், கொஞ்சம் தனியா பேசலாமா?" என்று கேட்டேன். அதற்குள் தினேஷ் வாயைத் திறந்துவிட்டான்.

"வலிப்புலாம் இல்லண்ணே. நான் பசங்க ஜெயில்ல இருந்தேன். அங்க விசில் ஊதுனா கைல இன்னா இருந்தாலும் போட்டுட்டுக் குந்தணும். லேட்டா குந்துனா அடி. வெளிய வந்துட்டேன்னு எனக்குத் தெரியுது, காலுக்குத் தெரிய மாட்டேங்குதுண்ணே."

மணி கேட்டார்.

"இன்னா கேசு?"

"செல்போன் அடிச்சது. ஒரு அக்கா கீழ வுழுந்து கை ஒடஞ்சிபோச்சு."

அட, அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாமே என்று பதறினேன். மணி தன் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது மாடில ஊதியிருந்தா இன்னாடா ஆயிருக்கும்? நானும் காலி, நீயும் காலி. மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னா?" என்று கத்தினார். மூச்சு வாங்கிக்கொண்டு, கொஞ்சம் இறங்கிய குரலில் சொன்னார்: "இங்க பாரு. இனிமே விசில் கேட்டா நம்பர் சொல்லாத, என் பேர சொல்லு. வெயிட்ட நான் வாங்கிக்கறேன். அப்புறம் குந்துவியோ படுப்பியோ, உன் இஷ்டம்."

தினேஷ் அழுதுவிட்டான். பாய் மேஜையைத் துடைக்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மீட்டிங்கில்

மறுவாழ்வுத் திட்டம் எந்த அளவு பலன் தருகிறது என்று பேச எங்கள் துறையில் ஒரு மீட்டிங் போட்டார்கள். வேலையில் இருக்கிறானா, திரும்பத் தப்பு செய்தானா என்ற இரண்டு கேள்விகள்தான். நான் எழுந்து, முதலில் இல்லத்தில் அந்த விசிலை நிறுத்துங்கள் என்றேன்.

"விசில் இல்லாம இத்தனை பசங்கள எப்படி மேடம் கன்ட்ரோல் பண்றது?" என்றார் ஓர் அதிகாரி.

"வாழ்க்கை பூரா கூடவே போய் ஊதுவீங்களா சார்?" என்று கேட்டேன். கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். இன்றுவரை எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

இந்தப் பணிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தொழிலை இல்லத்திலேயே கற்றுக்கொடுத்துவிடலாம். அந்தத் தொழிலில் பையன் நிலைக்க, பாரத்தின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். முதலாளியிடம் பேசுவதோடு வந்துவிடாதீர்கள், பக்கத்தில் நின்று வேலை செய்கிறவரையும் பாருங்கள். பையன் சம்மதித்தால், அவன் எதற்குப் பயப்படுகிறான் என்பதை அவரிடமும் சொல்லுங்கள்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, அடையாறில் ஒரு அப்பார்ட்மென்ட்டில் வேலை நடக்கும்போது தினேஷைப் பார்க்கப் போனேன். அவனும் மணியும் ஒரு யூனிட்டைத் தூக்கிக்கொண்டு படி இறங்கி வந்தார்கள். கேட்டில் வாட்ச்மேன் விசில் ஊதினான். எனக்கு உயிரே போய் வந்தது.

தினேஷின் முழங்கால் லேசாக மடங்கியது.

"மணிண்ணே."

"புடிச்சிக்கினுதான் கீறேன். நட."

நடந்தான்.