பாட்டை விட்டு வெளியே போன மாமா

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பாட்டை விட்டு வெளியே போய்விடுகிறார் என்று வீட்டில் ஒரு புகார் இருந்தது. புகார் சொன்னவர் பெரியப்பா. செஞ்சியில் பேண்டு செட் வைத்திருந்தவர் அவர். அதில் பெரிய டிரம் அடிப்பவரும் அவரே. மாமா சாக்ஸபோன். கல்யாண ஊர்வலத்தில் மற்றவர்கள் ஒரு சினிமாப் பாட்டை ஒழுங்காக வாசித்துக்கொண்டு போகும்போது, மாமா மட்டும் பாதியில் எங்கேயோ போய்விடுவாராம். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளியே போகிறார் என்றால் எதற்குப் போகிறார் என்பது குழந்தைக்கும் தெரியும். பாவம், அதற்குப் போய் ஒரு மனுஷனை இப்படித் திட்டுவார்களா என்று பெரியப்பாமேல் எனக்குக் கோபம்.

மாமாவும் மறுக்க மாட்டார். "போவல மாமா, போயிட்டு வரேன்" என்பார். பெரியப்பா அவருக்கு மாமா முறை. வாசலைத் தாண்டுகிறவர் யாரானாலும் 'போறேன்' என்று சொல்லக்கூடாது, 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கெல்லாம் பாடம் நடத்தியவரே பெரியப்பாதான். அதை எடுத்து அவரிடமே நீட்டினால் எரிச்சல் வராதா?

கடைசியில் அவர் தீர்த்துச் சொல்லிவிட்டார். அடுத்து வருகிற கல்யாணத்தில் மாமா ஒரு தடவை வெளியே போனாலும் அதோடு சரி. சாக்ஸபோன் செட்டுக்குச் சொந்தம். அதை வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் என் அப்பா, எங்களுக்கு நைனா, ஏற்கெனவே வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். மாமாவுக்கு முகமே செத்துவிட்டது. சாக்ஸபோன் இல்லாத மாமாவை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அம்மாவுக்குத் தம்பியும் வேண்டும், புருஷனின் அண்ணனும் வேண்டும். தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரே ஒரு நாள் அடக்கிக்கொள் என்று கெஞ்சினாள். அந்த 'அடக்கிக்கொள்' என் சந்தேகத்தைச் சுத்தமாகத் தீர்த்துவைத்தது. ஊர்வலம் கிளம்பும் முன் யாரோ மாமாவுக்கு நீட்டிய மோரை நானே வாங்கிக் குடித்தேன். ஏதோ என்னால் முடிந்தது.

மாப்பிள்ளை சிங்கவரத்துக்காரர். பொழுது சாய்கிற நேரத்துக்கு ஊர்வலம் செஞ்சியில் மண்டபத்து வாசலை அடைந்தது. அங்கே ஆளுயரத்துக்கு மேல் ஒரு ஃபிளெக்ஸ். சொந்தக்காரர்கள் முகமெல்லாம் வரிசையாக இருந்தன. பல் முளைக்காத ஒரு குழந்தைகூடக் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு சிரித்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் முகம் மட்டும் இல்லை. அவர் மேலிருந்து கீழ்வரை தேடினார். பிறகு நடுரோட்டில் காலை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"எம் மூஞ்சி எங்க?"

தாய்மாமன் கையைப் பிடித்து அழைத்துப் போகாமல் மாப்பிள்ளை உள்ளே நுழைய முடியாது. மாப்பிள்ளை நுழைகிறவரை பேண்டு நிற்கக்கூடாது, நின்றால் அபசகுனம். பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சமாதானம் சொன்னார்கள். சொல்லச் சொல்ல அவருக்குக் கோபம் ஏறியது. செட்டுக்குத் தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்து முதல் பாட்டே மறுபடியும் வந்தது. பின்னால் மாட்டிக்கொண்ட திருவண்ணாமலை பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. இவர்களுக்கு வேறு பாட்டே தெரியாதா என்று கூட்டத்தில் ஒருவர் அலுத்துக்கொண்டார்.

அப்போதுதான் மாமா போனார். நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் நின்ற இடத்தில்தான் நின்றது. சத்தம்தான் கிளம்பிவிட்டது. முதலில் பஸ் ஹாரனுக்குப் பதில் சொன்னது. தாய்மாமன் மறுபடியும் "எம் மூஞ்சி எங்க" என்று கத்த, சாக்ஸபோனும் அதே இழுப்பில் 'எம் மூஞ்சி எங்க' என்றது. கூட்டம் சிரித்தது. அவர் முறைத்தார். சாக்ஸபோன் அவருக்காகக் கெஞ்சியது, ஒப்பாரி வைத்தது, பிறகு அந்த மூன்று சொல்லையே தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாட ஆரம்பித்தது. கிளாரினெட்டும் டிரம்பெட்டும் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பெரியப்பாவைப் பார்த்தார்கள். பெரியப்பா மாமாவைவிட்டுப் பார்வையை எடுக்காமல் டிரம்மை அடித்துக்கொண்டே இருந்தார். கோபத்தில்தான் அப்படி அடிக்கிறார் என்று நினைத்தேன். போச்சு, மாமாவுக்குக் கம்பெனிதான் என்று எனக்கு அழுகை முட்டியது.

தாய்மாமனுக்கு முதலில் மீசை துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. யார்றா அவன், என்னையே வாசிக்கிறான் என்று சிரித்துக்கொண்டே மாப்பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே நடந்தார். மாமா பாட்டை எந்த இடத்தில் விட்டுப் போனாரோ அதே இடத்தில் வந்து இறங்கினார். செட் முழுக்க அவரோடு சேர்ந்துகொண்டது.

மறுநாள் காலை பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா காபியைக்கூடப் பயந்துகொண்டேதான் கொடுத்தாள். மாமா இனிமேல் நம் செட்டுக்கு வேண்டாம் என்றார் பெரியப்பா. கம்பெனிக்கும் வேண்டாமாம். சென்னையில் ஓட்டல்களில் வாசிக்கிற தெரிந்தவர் ஒருவரிடம் பேசிவிட்டாராம்.

"நம்ம தெரு இவனுக்குப் பத்தாது" என்றார்.

எங்கள் தெருவில் மினி லாரி திரும்பவே இடம் இல்லை என்பது உண்மைதான், அதற்காக ஒருவரை ஊரைவிட்டே அனுப்புவார்களா என்று எனக்கு ஆத்திரம். நல்லவேளை, சாக்ஸபோனைத் திருப்பிக் கேட்க மறந்துவிட்டார் என்று நினைத்தேன். ஞாபகப்படுத்திவிடக் கூடாதே என்று வாயைத் திறக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் மாமா எல்லோரிடமும் போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு ஏறினார்.

போனவர் நன்றாகவே போனார். ஓட்டல், சினிமா ரெக்கார்டிங், பிறகு வெளிநாடு. அவர் வாசிப்பதற்கு ஜாஸ் என்று பெயர் இருப்பதும், பாட்டை விட்டு வெளியே போவதுதான் அதில் வேலையே என்பதும் எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. சொந்தமாகவும் நிறைய இசை அமைக்கிறார். ஒன்றுக்கு 'எம் மூஞ்சி எங்க' என்று பெயர். ஜெர்மன்காரர்கள் அதை உச்சரிப்பதைக் கேட்க வேண்டும்.

போன வருஷம் சென்னையில் அவர் கச்சேரிக்குப் பெரியப்பாவை அழைத்துப் போனேன். மாமா வழக்கம்போலக் கிளம்பி, மெட்டு இருந்த இடமே தெரியாத தூரத்துக்குப் போய்விட்டார். பெரியப்பாவின் கை நாற்காலிப் பிடியில் தட்டிக்கொண்டே இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்ததால் நான் மெல்ல அந்தக் கையைப் பிடித்தேன். பெரியப்பா உதறிவிட்டார்.

"உடும்மா. நான் நிறுத்திட்டா அவன் எதைப் புடிச்சிகினு திரும்பி வருவான்?"

அன்றைக்கு மண்டபத்து வாசலில் நான் மாமாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.